வழி தெரியவில்லையா, கால் நகரவில்லையா?

மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் "பையனுக்குக் கவுன்சிலிங்" என்று சொன்னால், அவனுக்கு மனசு சரியில்லையோ என்று யாரும் பதறுவதில்லை. "கட்-ஆஃப் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். பொறியியல் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளர முறைக்கு ஊர் வைத்த பெயர்தான் கவுன்சிலிங். முன்பெல்லாம் சென்னைக்கு ரயிலேறிப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்து இடம் பிடிக்க வேண்டும். 2018-இலிருந்து எல்லாம் இணையத்தில். விருப்பப் பட்டியலைப் பதிந்துவிட்டு வீட்டிலேயே காத்திருக்கலாம். பெயர் மட்டும் மாறவில்லை.

அதனால்தான், என்னிடம் மூன்றாவது முறையாக வந்து நின்ற ஒரு மாணவனிடம் "உன்னை ஒரு கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம்னு பார்க்கிறேன்" என்றபோது அவன் திருதிருவென விழித்தான். "ரேங்க் லிஸ்ட் இன்னும் வரலையே டீச்சர்" என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அவன்மேல் இல்லை. தமிழ்ச் சொல்லுக்குப் போனாலும் குழப்பம் தீராது. மருத்துவமனைகளில் 'மனநல ஆலோசனை மையம்' என்று போர்டு இருக்கிறது. ஆலோசனை என்றால் நம் காதில் விழுவது 'யோசனை சொல்வது'. உள்ளே போனால் அங்கே இருக்கும் கவுன்சிலர் அம்மா யோசனையே சொல்வதில்லை, நம்மையே பேச வைத்துக்கொண்டிருக்கிறார். வெளியே வந்தவர் "ஒண்ணுமே சொல்லல, சும்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்று குறைப்படுகிறார். கடையில் வேறு சரக்கு இருக்க, போர்டில் வேறு எழுதியிருந்தால் அப்படித்தான் ஆகும். இலங்கையில் உளவளத்துணை என்கிறார்கள். துணை என்ற சொல் அதில் இருப்பதால், எனக்கு அது இன்னும் சரியாகப் படுகிறது.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பும் சில வருடங்களாக என் தலையில். இடையில் தபால் வழியில் கவுன்சிலிங்கில் ஒரு டிப்ளமோ படித்தேன். படித்து முடித்தபோது, எது என் வேலை இல்லை என்பது ஓரளவு பிடிபட்டது. பிள்ளையை யாரிடம் கூட்டிப்போவது, வழிகாட்டுபவரிடமா, கவுன்சிலரிடமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளஸ் டூ பிள்ளைக்கு மட்டும் என்றில்லை. எந்த வேலையிலும் ஒட்டாத தம்பிக்கும் இதே கேள்விதான்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். எதிரில் நிற்பவர் வழி தெரியாமல் நிற்கிறாரா, வழி தெரிந்தும் கால் நகராமல் நிற்கிறாரா? முதலாமவருக்கு வேண்டியது வழிகாட்டல். இரண்டாமவருக்குக் கவுன்சிலிங். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இரண்டாமவரும் முதலாமவரின் கேள்வியைத்தான் கொண்டு வருவார்.

வழிகாட்டல் செய்வது என்ன

நம்மிடம் இது பழைய வழக்கம். சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றே ஒரு வகை உண்டு. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலம் வழியாகப் போகலாம், வழியில் யார் சோறு போடுவார்கள், அரசன் எப்படி வரவேற்பான், என்ன கொடுப்பான் எல்லாம் வரும். போய்வந்தவன் போகவேண்டியவனுக்குச் சொல்வது. வழிகாட்டல் என்பதன் முழு வடிவமும் அதில் இருக்கிறது. அந்தப் பாணன் எதிரே வந்தவனை உட்கார வைத்து, "உனக்கு உள்ளுக்குள் என்ன கவலை?" என்று விசாரிப்பதில்லை. பசித்தவனுக்கு வழி சொன்னால் போதும்.

இதை ஒரு தொழிலாக முறைப்படுத்தியவர் என்று பிராங்க் பார்சன்ஸைச் சொல்வார்கள். 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வேலை தேடும் இளைஞர்களுக்காக ஒரு தொழில் வழிகாட்டும் நிலையத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவர் வகுத்த முறை மூன்றே படி. உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நான் பள்ளியில் செய்வது ஏறக்குறைய இதுதான்.

இந்தியாவில் பள்ளிக்கூடங்களுக்குள் இதைக் கொண்டுவரச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம்மூர்க்காரர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1952-53-இல், பள்ளிகளுக்கு வழிகாட்டும் அலுவலர்கள் வேண்டும், தொழில் விவரம் சொல்லும் ஆசிரியர்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு அது பெரிய அளவில் ஒரு திட்டமாக வந்து சேர்வதற்கு, 2022 மார்ச் 1-இல் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் இருந்தது வேலைவாய்ப்பு அலுவலகம். அதன் போர்டை நின்று படித்திருக்கிறீர்களா? 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று இருக்கும். பதிவைப் புதுப்பிக்க மட்டும் போய்வந்தவர்களுக்கு, அங்கே தொழில்நெறி வழிகாட்டலும் நடக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் உண்டு என்பது தெரியாது.

வழிகாட்டல் எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கணிதம் 98, இயற்பியல் 92, வேதியியல் 88. பொறியியல் கட்-ஆஃபில் கணிதம் முழுசாக 100-க்கு. மற்ற இரண்டும் பாதியாகி 50, 50-க்கு. ஆக 98, 46, 44. மொத்தம் 200-க்கு 188. இது தெரிந்தவுடன், போன வருடம் இந்த 188-க்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்று பார்க்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறதே என்று சொல்லலாம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வை என்று அவசரப்படுத்தலாம். விருப்பப் பட்டியலில் 'கிடைக்கக்கூடியதை' முதலில் போடாதே, 'வேண்டியதை' முதலில் போடு, மேலே இருப்பது கிடைக்காவிட்டால்தான் கீழே போகும் என்று நூறாவது தடவையாகச் சொல்லலாம். இதற்கு ஒருவர் வந்தாலும் சரி, கூடத்தில் 60 பேர் உட்கார்ந்தாலும் சரி. பேசுவது பெரும்பாலும் நான். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள்.

வழிகாட்டலுக்கு இரண்டு நோய் உண்டு. ஒன்று, வழிகாட்டியின் தகவல் பழசாகிப்போவது. என் மாணவப் பருவத்தில் நல்ல வேலை என்று சொன்னவற்றில் பாதி இன்று இல்லை. இன்னொன்று மோசமானது. கமிஷனுக்கு வேலை செய்யும் கல்லூரி ஏஜென்டும் 'கரியர் கைடன்ஸ்' என்று மண்டபம் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிறார். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கடைசியில் ஒரே கல்லூரியின் விண்ணப்பத்தை நீட்டுகிறவரை வழிகாட்டி என்று நம்ப வேண்டாம். கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை டாக்டரா, இன்ஜினியரா என்று சொல்கிறார்களே, அதற்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது. அந்தக் காசுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாலு கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு வரலாம்.

கவுன்சிலிங் அறைக்குள்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு இந்த அறைதான் மர்மமாக இருக்கிறது.

முதல் சந்திப்பில் பாதி நேரம் விதிமுறை பேசுவதிலேயே போகும். ஓர் அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வாரம் ஒருமுறை. எத்தனை வாரம் என்பது போகப்போகத் தெரியும். பிறகு ரகசியம். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது. ஆனால் மூன்று இடங்களில் தாண்டும் என்று நல்ல கவுன்சிலர் முதலிலேயே சொல்லிவிடுவார். உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால். நீங்கள் இன்னொருவரைக் கொல்லவோ காயப்படுத்தவோ கூடும் என்றால். மூன்றாவது, சட்டம் சொல்லும்போது. உதாரணமாக, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது என்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். பள்ளி மாணவர் என்றால் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள். சம்மதம் கொடுத்துவிட்டதால் பிள்ளை பேசியதையெல்லாம் ஒப்பிப்பார்கள் என்று பெற்றோர் எதிர்பார்க்கக் கூடாது. இதை ஏற்க முடியாத அப்பாக்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பேச்சு. "என்ன நடந்தது?" என்று ஆரம்பிக்கும். நாம் சொன்னதையே அவர் வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வார். "வீட்டுக்குப் போகவே பிடிக்கலன்னு சொல்றீங்க, ஆனா லீவு விட்டா முதல் பஸ்ஸைப் பிடிக்கிறீங்க" என்பார். குற்றம் சாட்டும் தொனி இருக்காது. ஆனால் நாம் சொன்ன இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்போது நமக்கே திடுக்கென்று இருக்கும். இடையில் மௌனம் வரும். அதை அவர் அவசரப்பட்டு நிரப்ப மாட்டார். வகுப்பறையில் மூன்று விநாடி அமைதி வந்தாலே சாக்பீஸைத் தூக்கும் எனக்கு, டிப்ளமோ பயிற்சியில் இந்த ஒன்றுதான் கடைசிவரை கைவரவில்லை.

சில வாரங்களில், வந்தவர் கொண்டுவந்த பிரச்சினைக்கும் உள்ளே இருக்கும் பிரச்சினைக்கும் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும். அதன் பிறகுதான் 'என்ன மாற வேண்டும்', 'முதல் அடி எது' என்ற பேச்சு. அந்த அடியை அவரே சொல்ல வேண்டும். அவரே எடுத்துவைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து என்ன ஆனது என்று பேச வேண்டும். நிறுத்துவதும் முறையாக நடக்கும். இன்னும் இரண்டு அமர்வில் முடிக்கலாமா என்று முன்கூட்டியே கேட்பார். என்றைக்கும் தன்னையே சார்ந்திருக்கும்படி வைத்துக்கொள்பவர் நல்ல கவுன்சிலர் இல்லை. ஜோசியருக்கும் அவருக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

ஏன் யோசனை சொல்வதில்லை? இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஈ. ஜி. வில்லியம்சன் என்பவர் மாணவர்களுக்கான ஒரு முறையை வளர்த்தெடுத்தார். தகவல் திரட்டு, சோதனை வை, பிரச்சினை இன்னதென்று கண்டுபிடி, என்ன செய்யலாம் என்று எடுத்துச் சொல், பிறகு தொடர்ந்து கவனி. கிட்டத்தட்ட மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோல. 1940 டிசம்பரில் அதே பல்கலைக்கழகத்துக்குப் பேச வந்த உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ், யோசனை சொல்வதும் எடுத்துச்சொல்லி மனத்தை மாற்றப் பார்ப்பதும் பழைய முறை என்று அவர்கள் கூடத்திலேயே விமர்சித்துவிட்டுப் போனார். மனிதர் தன் வழியைத் தானே கண்டுகொள்வார், அதற்கு ஏற்ற உறவைக் கொடுத்தால் போதும் என்பது அவர் கட்சி. அந்த உறவுக்கு என்ன வேண்டும் என்பதை 1957-இல் தெளிவாக எழுதினார். வந்தவரின் இடத்திலிருந்து உணர்வது, பாசாங்கில்லாமல் இருப்பது, எந்த நிபந்தனையும் இல்லாமல் அவரை ஏற்றுக்கொள்வது. இன்றைக்குக் கவுன்சிலிங் வகுப்பு எங்கே நடந்தாலும் இந்த மூன்றும் முதல் மாதத்தில் வந்துவிடும்.

என் சொந்த அபிப்பிராயம், நம்மூரில் ராஜர்ஸை அப்படியே இறக்கினால் எடுபடாது. பெரியவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் அவர் நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து வளர்ந்தவர்கள் நாம். முதல் நாளே வாயைத் திறக்காமல் இருந்தால் "இவங்களுக்கு ஒண்ணும் தெரியல போல" என்று அடுத்த வாரம் வர மாட்டார்கள். நான் பார்த்த நல்ல கவுன்சிலர்கள் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்: "நான் இப்படிச் செய், அப்படிச் செய்னு சொல்ல மாட்டேன். ஏன்னா நாளைக்கு அந்த முடிவோட வாழப்போறது நீங்க." இதைக் கேட்டபின் பெரும்பாலானோர் சற்றே இறுக்கம் தளர்ந்து உட்காருகிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

செலவிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். வழிகாட்டல் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். பள்ளியில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில், நன்றாக விசாரித்து வைத்திருக்கும் சீனியர் அண்ணனிடம். ஒரு மணி நேரத்தில், அதிகம் போனால் இரண்டு முறையில் முடிந்துவிடும். கவுன்சிலிங்குக்கு அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் காசில்லை. ஆனால் புறநோயாளி வரிசை உண்டு. அந்த வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. தனியாரிடம், நான் விசாரித்தவரை, ஓர் அமர்வுக்குச் சில நூறிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகிறது. வாரம் ஒன்று, ஆறேழு வாரம் என்று பெருக்கிப் பாருங்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

யார் செய்யலாம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வழிகாட்டலை ஆசிரியர் செய்யலாம், மாமா செய்யலாம். விவரம் சரியாக இருந்தால் போதும். கவுன்சிலிங்கை, பயிற்சி இருந்தாலும், சொந்த மாணவனுக்கு நானே செய்வது சரியில்லை. நாளைக்கு அவன் விடைத்தாளைத் திருத்தப்போவது நான்தான். அவன் அப்பா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருகிறார். என்னிடம் அவன் எதை முழுசாகச் சொல்ல முடியும்? ஆசிரியர் ஓய்வறையில் டீ குடிக்கும்போது வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் மதியத்துக்குள் அது மைதானத்துக்குப் போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும்.

வெற்றியை அளப்பதும் வேறு. நான் அனுப்பிய 40 பேரில் எத்தனை பேர் நல்ல கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று தலைமையாசிரியர் கேட்பார், எண் சொல்வேன். கவுன்சிலரிடம் அப்படி ஓர் எண்ணைக் கேட்க முடியாது.

தப்பான இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? தகவல் வேண்டியவர் கவுன்சிலரிடம் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். நர்சிங்குக்கு வயது வரம்பு என்ன என்று மட்டும் கேட்கப்போன ஒரு பெண்ணிடம், "நர்சிங் என்றதும் உங்களுக்குள் என்ன தோன்றுகிறது?" என்று அரைமணி நேரம் கேட்டிருக்கிறார்கள். வந்து என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஒரு நாள் வீண், அவ்வளவுதான். ஆனால் கவுன்சிலிங் வேண்டியவருக்குத் தகவலை அள்ளிக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். அதுவரை அவருக்கு 'விவரம் தெரியாது' என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. அதையும் நாம் பிடுங்கிவிடுகிறோம். எல்லாம் தெரிந்தும் நகர முடியவில்லையே, அப்படியானால் கோளாறு என்னிடம்தான் என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். நான் இதைச் செய்திருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

இரண்டும் ஒரே அறையில் நடக்கும் இடமும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பார்த்திருப்பீர்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான இடம். ரத்தம் எடுக்கும் முன் அங்கே இருப்பவர் சொல்வது முழுக்கத் தகவல்: இது எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, முடிவு எப்படி வரும், சிகிச்சை என்ன. முடிவு வந்தபின், கையில் அந்தத் தாளோடு ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அதே ஊழியர் தகவலை நிறுத்திவிட்டு அவர் பேசும்வரை காத்திருக்க வேண்டும். அரைமணி இடைவெளியில் ஒரே ஆள் இரண்டு வேலைக்கும் மாறுகிறார். எவ்வளவு கடினமான வேலை என்று யாரும் கவனிப்பதில்லை.

இரண்டுமே போதாத கட்டமும் வரும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இல்லாத குரல் கேட்கிறது, சாக வேண்டும் என்று பேச்சு வருகிறது என்றால் கட்-ஆஃபும் வேண்டாம், ஆறு வார அமர்வுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இரவு நேரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கோ, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104-க்கோ அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. ஆபத்தில் இருப்பது குழந்தை என்றால் 1098.

எதை முதலில் பிடிப்பது

என் யோசனை (நான் வழிகாட்டி, யோசனை சொல்லலாம்): சந்தேகமாக இருந்தால் வழிகாட்டலில் தொடங்குங்கள். செலவில்லை, சீக்கிரம் முடியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதோடு தீர்ந்தும்விடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பதில் கிடைத்த கேள்வியே வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வருகிறதா? ஒரு தடையை எடுத்துப் போட்டால் அதே இடத்தில் இன்னொன்று முளைக்கிறதா? அப்படியென்றால் மேலும் தகவல் தேடி அலையாதீர்கள். அது கவுன்சிலிங்குக்கான நேரம்.

கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று தயங்காமல் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். வெறும் 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்டுவதை நடைமுறையில் யாரும் தடுப்பதில்லை. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். ரகசியம் பற்றி முதல் நாளே பேசாதவர், பத்தாவது நிமிடத்திலேயே தீர்ப்புச் சொல்பவர், "போன வாரம் இப்படித்தான் ஒரு கேஸ்" என்று இன்னொருவர் கதையை அவிழ்ப்பவர், இவர்களிடம் இரண்டாவது முறை போக வேண்டாம். உங்கள் கதை அடுத்த வாரம் அவிழும்.

சரி, அந்த மாணவன்.

மேலே போட்ட 188 கணக்கு அவனுடையதுதான். முதல் தடவை வந்தபோது விடுதிக் கட்டணம் பற்றிக் கேட்டான். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றேன். முகம் மலரும் என்று பார்த்தேன், மலரவில்லை. இரண்டாம் தடவை, வெளியூரில் சாப்பாடு ஒத்துக்காது என்றான். அதற்கும் ஏதோ சொன்னேன். மூன்றாம் தடவை, பேசாமல் பக்கத்து ஊர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்துவிடட்டுமா என்று கேட்டான். 188 வைத்துக்கொண்டு! கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். நான் எல்லாக் கதவையும் திறந்துவிட்டுக்கொண்டே இருக்க, அவன் ஒவ்வொன்றின் முன்னாலும் இன்னும் குறுகி நின்றதை அப்போது நான் பார்க்கவில்லை. பார்த்தபோதுதான் கவுன்சிலிங் என்ற பேச்சை எடுத்தேன், அவன் ரேங்க் லிஸ்ட் என்றான்.

அதன் பிறகு நான் செய்தது இன்னொரு தப்பு. அவனிடம் கேட்காமல் வீட்டுக்குப் போன் செய்து, "பையன் மனசுல என்னமோ வச்சிருக்கான், விசாரிங்க" என்றேன். போனை எடுத்தது அப்பா. பத்து நாள் அவன் பள்ளிப் பக்கம் வரவில்லை. வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவனே கொஞ்ச நாள் கழித்து, அந்த இன்னொரு கவுன்சிலிங் எங்கே நடக்கும் என்று கேட்டுக்கொண்டு, அம்மாவுடன் போய்வந்தான். ஐந்து வாரம்.

அங்கே என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கவுன்சிலரை ஒருநாள் மருத்துவமனை வாசலில் பார்த்தபோது, நான் வாயெடுக்கும் முன்பே வெயில் அதிகமாக இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டார். அவன் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ராத்திரியில அம்மாவை வீட்டுல தனியா விட்டுட்டு என்னால தூங்க முடியாது டீச்சர்." மிச்சத்தை நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவன் அப்பாவைத் தெரியும்.

விருப்பப் பட்டியலை லாக் செய்யும் கடைசி நாள் மாலை, பள்ளிக் கணினி அறைக்கு ஒரு தாளோடு வந்தான். அதில் 11 கல்லூரிகள். தரவரிசைப்படி அடுக்கியிருப்பான் என்று நினைத்து மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. அப்புறம்தான் புரிந்தது, எல்லாமே எங்கள் ஊரிலிருந்து பஸ் போகும் கல்லூரிகள். சாயங்காலம் எது சீக்கிரம் வீடு சேர்க்குமோ அது மேலே. 188-க்குக் கிடைக்கக்கூடிய நாலு நல்ல பெயர்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. வயிறு எரிந்தது என்றே சொல்கிறேன்.

"யோசிச்சுட்டியா?" என்றேன்.

"யோசிச்சுட்டேன் டீச்சர். இந்தத் தடவை நெஜமா."

அவன் ஒவ்வொன்றாக வாசிக்க நான் டைப் செய்தேன். பதினொன்றும் ஏறியபின், லாக் பட்டனை அழுத்தும் முன், வழக்கம்போலக் கல்லூரிகளின் குறியீட்டு எண்களைப் பட்டியலோடு ஒருமுறை ஒத்துப்பார்த்தேன். அவன் முதலாவதாக எழுதியிருந்ததில் ஓர் எண் மாறி, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரி வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்திக்கொடுத்தேன்.